வளைந்த சிறகு சொன்ன பாடம்



ஏதாவது ஒன்று பிழைத்துவிட்டால் நம் வாயில் முதலில் வருவது, "யார் பார்த்த வேலை இது?" என்ற கேள்விதான். வீட்டிலும் அப்படித்தான், ஊர்க் கூட்டத்திலும் அப்படித்தான், பாடசாலையிலும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டு கடலில் விழுந்த ஒரு விமானத்தின் கதையை இன்று பார்ப்போம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க அது நமக்குக் கற்றுத்தரும்.

விமானத்தின் பெயர் ஹீலியோஸ். அமெரிக்காவின் நாசாவுக்காக ஏரோவைரன்மென்ட் என்ற நிறுவனம் கட்டியது. உடலும் இல்லை, வாலும் இல்லை. முழுவதும் ஒரே சிறகு. அதன் நீளம் 75 மீற்றர், போயிங் 747 விமானத்தின் சிறகை விடவும் அதிகம். அகலமோ வெறும் 2.4 மீற்றர். மேற்பரப்பில் சூரியக்கலங்கள், முன்விளிம்பில் 14 மின்மோட்டர்கள், பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் 72 சிறு தட்டுகள். விமானி தரையில் இருந்தபடியே ஓட்டுவார். 2001 ஓகஸ்ட் 13இல் இது 96,863 அடி உயரம் ஏறியது. நாம் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் விமானங்கள் ஏறக்குறைய 35,000 அடியில்தான் பறக்கின்றன.

இவ்வளவு நீளமான, மெல்லிய சிறகு எப்படித் தாங்கியது? பாரம் சிறகு நெடுகிலும் பரவி இருந்தது. ஒவ்வொரு துண்டையும் அந்தந்த இடத்துக் காற்றே தூக்கியது. பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரு நீண்ட பலகையைத் தூக்குவது போல. ஆகவே சிறகு அதிகம் வளைய வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆசை, இரவிலும் பறப்பது. சூரியன் மறைந்த பிறகு மின்சாரம் வேண்டுமே. அதற்காக ஐதரசனில் இயங்கும் எரிபொருட்கலம் ஒன்றை நடுவில் தொங்கவிட்டார்கள். அது மட்டும் சுமார் 236 கிலோகிராம். சிறகின் இரு ஓரங்களிலும் ஐதரசன் தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 75 கிலோகிராம். மோட்டர்கள் 10 ஆகக் குறைந்தன. பரவி இருந்த பாரம் மூன்று இடங்களில் குவிந்தது. மாற்றங்கள் படிப்படியாகவே வந்தன. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தார்கள், பறக்கலாம் என்றே விடை வந்தது.

2003 ஜூன் 26. ஹவாயின் கவாய் தீவிலிருந்து ஹீலியோஸ் கிளம்பியது. சுமார் அரை மணி நேரத்தில் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. சிறகின் ஓரங்கள் நடுப்பகுதியை விட 30 அடிக்கும் மேலாக உயர்ந்து, வில்லாக வளைந்து, அப்படியே நின்றுவிட்டன. அந்த வடிவத்தில் விமானம் மூக்கை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேகத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பானது. தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டியதும் வெளிச்சிறகின் மேற்தோலும் சூரியக்கலங்களும் பிய்ந்து பறந்தன. விமானம் பசுபிக் சமுத்திரத்தில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

2004இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. மாற்றங்களுக்குப் பிறகு இந்த விமானம் கொந்தளிப்புக்கு எவ்வளவு இலகுவில் ஆட்டம்காணும் என்பதை முன்கூட்டியே சொல்ல, கையில் இருந்த கணிப்பு முறைகள் போதவில்லை. அதனால் ஆபத்தைக் குறைவாக மதித்துவிட்டார்கள். இதுதான் அறிக்கை சொன்ன மூலகாரணம்.

சாதாரண விமானத்தை விறைப்பான ஒரு பொருளாகக் கருதிக் கணக்குப் போடலாம். சிறகின் அதிர்வு வேகமானது, விமானத்தின் அசைவு மெதுவானது. இரண்டும் கலப்பது அரிது. ஹீலியோஸ் போன்றவற்றில் சிறகு வளைவதும் விமானம் அசைவதும் ஒரே கதியில் நடக்கின்றன. வடிவம் மாறினால் பறக்கும் குணமே மாறிவிடும். காற்று, கட்டமைப்பு, கட்டுப்பாடு மூன்றையும் மூன்று குழுக்கள் தனித்தனியாகப் பார்த்தால் போதாது, ஒன்றாக வைத்தே பார்க்க வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. நேராக இருக்கும் சிறகுக்கு மட்டுமல்ல, வளைந்த சிறகுக்கும் பொருந்தும் கட்டுப்பாடே உறுதியான கட்டுப்பாடு.

அந்தத் தேடல் தொடர்ந்தது. 2013இல் எக்ஸ்-56ஏ என்ற ஆளில்லா விமானம் பறந்தது. மெல்லிய சிறகின் ஆபத்தான அதிர்வைக் கணினியால் அடக்க முடியுமா என்று பார்ப்பதே அதன் வேலை. 2022இல் செபிர் என்ற சூரியசக்தி விமானம் 64 நாட்கள் தரையிறங்காமல் பறந்தது. கடைசியில் அதுவும் விழுந்தது. ஆனாலும் ஒரே இரவைக் கடக்க ஏங்கிய காலத்திலிருந்து எவ்வளவு தூரம்!

நாம் கணித விடைத்தாள் திருத்தும்போது விடை பிழை என்றாலும் செய்கையைப் பார்த்துப் புள்ளி கொடுக்கிறோம். எந்தப் படியில் வழி தவறியது என்று தெரிந்தால்தான் பிள்ளை அடுத்த முறை திருத்திக்கொள்ளும். பெறுபேறு குறைந்த பிள்ளையிடம் இன்றிரவு பேசப்போகும் பெற்றோரே, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் பிழைத்தது, சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள்.