டோனாவூர் அம்மாவின் கடைசி 19 வருஷம்

தேவதாசி முறை ஒழிப்புன்னு சொன்னா எங்க புதுக்கோட்டைக்காரங்களுக்கு உடனே ஞாபகம் வர்ற பேர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ல் இங்கே பிறந்தவர். அவர் போராடிய விஷயம் 1947ல் சட்டமாச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே திருநெல்வேலிச் சீமையில் இதே பிரச்சனையை வேற வழியில் கையில் எடுத்தவர் ஒரு ஐரிஷ்காரம்மா, ஏமி கார்மைக்கேல். அவங்களோட மீட்புப் பணி பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது அவங்க படுக்கையில் கிடந்த வருஷங்களைப் பத்தி.

சுருக்கமா முன்கதை. 1867ல் பிறந்தவர், 1895ல் இந்தியாவுக்கு வந்து தமிழ் படிச்சார். 1901ல் கோயில் வீட்டிலிருந்து தப்பிச்சு ஒரு ஏழு வயசுப் பொண்ணு அவங்ககிட்ட வந்து சேர்ந்தா. அந்த ஒருத்தியில் ஆரம்பிச்சு நூத்துக்கணக்கான பிள்ளைங்க. எல்லாருக்கும் அவங்க 'அம்மா'. சொந்த ஊருக்கு ஒரு தடவைகூட திரும்பிப் போகலை.

1931 அக்டோபர் 24. பக்கத்துல களக்காட்டில் ஊழியத்துக்காக ஒரு வீடு தயாராகிட்டு இருந்தது. அதைப் பார்க்கப் போனாங்க. சாயங்கால இருட்டு. தோண்டிப் போட்டிருந்த குழி கண்ணுக்குத் தெரியலை... விழுந்துட்டாங்க. கால் எலும்பு முறிஞ்சுது, கணுக்காலும் பிசகிடுச்சு. அப்போ வயசு 63. கொஞ்ச நாள்ல எழுந்துடுவாங்கன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா மூட்டுவலியும் சேர்ந்துகிட்டு, வாழ்க்கை கிட்டத்தட்ட ஒரே அறைக்குள்ள முடங்கிடுச்சு.

இங்கதான் விஷயமே. நம்ம ஊர்ச் சுவர்கள்ல 'சுகமளிக்கும் கூட்டம்' போஸ்டர் பார்க்காதவங்க இருக்க முடியாது. விசுவாசம் இருந்தா வியாதி ஓடிடும்னு ஒரு கணக்கு. டோனாவூர்லயும் அம்மாவுக்காக உருகி ஜெபிச்சாங்க. அவங்க உருவாக்கின ஆஸ்பத்திரியோட பேரே 'பரம சுக சாலை'. ஆனா அவங்களுக்கு சுகம் வரலை. அப்போ விசுவாசம் தோத்துப் போச்சா?

நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ற புத்தகங்களை அவங்களும் படிச்சுப் பார்த்தாங்க. பலதும் மனசுல ஒட்டலை. நல்லா நடமாடுறவங்க படுத்திருக்கிறவங்களுக்கு எழுதினதா இருந்ததுதான் காரணம். அதனால நோயாளி நோயாளிக்கு எழுதுற மாதிரி தானே எழுதினாங்க. 1933ல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' வந்தது. முள்ளுக்குள்ள பூத்த ரோஜா. அதோட நிக்கலை. படுக்கையிலிருந்தே பத்துக்கும் மேல புத்தகங்கள், பிள்ளைங்களுக்கும் கூட வேலை செஞ்சவங்களுக்கும் ஓயாம கடிதங்கள்.

வலி போகலை, தூக்கம் வராத ராத்திரிகளும் போகலை. 1948ல் அறைக்குள்ளயே இன்னொரு தடவை விழுந்தாங்க. அதுக்கப்புறம் எழுந்து நடமாடவே முடியலை. 1951 ஜனவரி 18ல் இறந்தப்போ வயசு 83.

என்னோட புரிதல் இதுதான். விசுவாசம் அவங்க காலை நேராக்கலை. 'இனி நம்மால யாருக்கு என்ன பிரயோஜனம்?'னு வயசானவங்க மனசை அரிக்கிற கேள்வி இருக்கே, அதுக்கு பதில் கொடுத்துச்சு. ஓடியாட முடியாதவங்களுக்கும் கடவுள்கிட்ட வேலை இருக்குன்னு நம்பினாங்க, 19 வருஷம் அந்த வேலையைச் செஞ்சாங்க. நம்ம வீட்டுத் திண்ணையில், கட்டில்ல இருக்கிற பெரியவங்ககிட்ட 'நீங்க சும்மா படுங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தன் கல்லறை மேல கல் வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க. பிள்ளைங்க அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணித் தொட்டி வெச்சாங்க. அதுல பொறிச்சது ஒரே வார்த்தை: அம்மை.