ஒருங்கிணைந்த இடமறிதல்

ஒருங்கிணைந்த இடமறிதல் என்பது செயற்கைக்கோள்கள் வழியே பெறப்படும் இடத்தகவலை முடுக்கமானி, சுழல்காட்டி, காற்றழுத்தமானி, சக்கரச் சுற்றுமானி முதலிய உணரிகளின் அளவீடுகளுடன் சேர்த்து, நம்பத்தக்க இருப்பிடத்தைக் கணிக்கும் முறை ஆகும். வானம் முழுமையாகத் தெரியாத இடங்களில் இதன் தேவை மிகுதி. தமிழ்நாட்டின் நீலகிரி மலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

செயற்கைக்கோள் மட்டும் போதாமை

ஜிபிஎஸ் ஏற்பி தன் இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் தேவை. ஏறத்தாழ 20,200 கிமீ உயரத்திலிருந்து வரும் இவ்வலைகள் மலையை ஊடுருவா. பர்லியாறு - குன்னூர் மலைச்சாலையில் அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்களைச் சரிவுகள் மறைத்துவிடுகின்றன. பாறையில் பட்டுத் தெறித்து வரும் அலையோ உண்மையைவிட நீண்ட தொலைவைக் காட்டுகிறது. இந்தியாவின் ககன் திட்டம் அயனிமண்டலம், கடிகாரம், சுற்றுப்பாதை ஆகியவற்றால் நேரும் பிழைகளைத் திருத்துகிறது. மலை மறைப்பதற்கு அதனிடம் தீர்வில்லை.

பிற உணரிகள்

முடுக்கமானியும் சுழல்காட்டியும் வெளியலை எதையும் சார்ந்தவை அல்ல. ஆனால் முடுக்கத்தில் நொடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் அளவான மாறாப் பிழை இருந்தால், ஒரு நிமிடத்தில் 18 மீட்டரும் பத்து நிமிடங்களில் 1,800 மீட்டரும் விலகல் ஏற்படும்.

கொண்டையூசி வளைவுகளில் மேற்சாலையும் கீழ்ச்சாலையும் நிலப்படத்தில் மிக நெருங்கியிருப்பதால், வண்டி எதில் செல்கிறது என்பதைக் காற்றழுத்தமானி காட்டும் உயரமே தெளிவாக்கும். மழைக்காலத்தில் காற்றழுத்தமே மாறுவதால் இதனையும் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும்.

46 கிமீ நீளமுள்ள நீலகிரி மலை இரயில் பாதையில் 16 சுரங்கங்கள் உள்ளன. சுரங்கத்துள் செயற்கைக்கோள் அலை கிடைக்காது. எனினும் பாதை மாறாதது என்பதால் கடந்த தொலைவு தெரிந்தாலே இடம் தெரிந்துவிடும். சாதாரணச் சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் வழுக்கித் தொலைவைத் தவறாகக் காட்டலாம். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்பட்டையில் கோத்து ஏறும் பற்சக்கரம் வழுக்குவதில்லை. அதன் சுற்றுகளை எண்ணினால் மிகத் துல்லியமான தொலைவுமானி கிடைக்கும்.

இணைக்கும் முறை

ருடோல்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட கால்மன் வடிகட்டி பரவலாகப் பயன்படுகிறது. இது ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதன் நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடை தருகிறது. கணித்த இடத்துடன் அதன் பிழை எல்லையையும் தெரிவிக்கிறது. பாதுகாப்புத் தொடர்பான பயன்பாடுகளில் பின்னதே முதன்மையானது.

வான்பயணம்

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற எம்ஐ-17வி5 உலங்கு வானூர்தி குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் உயிரிழந்தனர். ஒருவர் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் வானூர்தி முகிலுக்குள் நுழைந்ததாகவும், வானோடியின் திசையுணர்வு குழம்பி, கட்டுப்பாட்டில் இருந்தபோதே அது நிலத்தில் மோதியதாகவும் இந்திய வான்படை 2022 சனவரியில் அறிவித்தது. இடமறி கருவியின் பழுது காரணமாகக் கூறப்படவில்லை.

இத்தகைய மோதலைத் தவிர்க்க உதவும் நில எச்சரிக்கைக் கருவிகள் ஒருங்கிணைந்த இடமறிதலைச் சார்ந்தவை. வானலை உயரமானி நேர் கீழே உள்ள நிலத்தையே அளக்கிறது. எதிரே எழும் சரிவை அது முன்னறியாது. எனவே வானூர்தியின் இடமும் திசைவேகமும் சேமிக்கப்பட்ட நில உயரப் படத்துடன் ஒப்பிடப்படுகின்றன. குறுகிய பள்ளத்தாக்கில் இடம் சில நூறு மீட்டர் பிசகினாலும் எச்சரிக்கை வராமற் போகலாம், அல்லது காரணமின்றி ஒலிக்கலாம். அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் கருவியை வானோடிகள் பொருட்படுத்துவதில்லை.