இணைப்புக் கொடுத்தவர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வசிக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தொலைத்தொடர்புத் துறையில் 32 ஆண்டுகள் கடமையாற்றி, 2024 ஆம் ஆண்டில் 60 ஆவது வயதில் இளைப்பாறியவர். முதலில் தொலைபேசி இயக்குநர், பின்னர் இலக்க விசாரணைப் பிரிவு, கடைசிப் பதினைந்து ஆண்டுகள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. அவருடைய கையில் ஞாயிறு பத்திரிகைகளில் இருந்து வெட்டியெடுத்த வேலைவாய்ப்பு விளம்பரங்கள் ஒரு கட்டு இருந்தன.

"தம்பி, நீங்கள் பேப்பர்காரர். எனக்கு ஒரு சுயவிபரக்கோவை எழுதித் தாங்கோ. வேலைக்குப் போகவேணும்" என்றார்.

விளம்பரங்களைப் பார்த்தேன். வாடிக்கையாளர் சேவை உத்தியோகத்தர் தேவை, மும்மொழித் தேர்ச்சி விரும்பத்தக்கது, பொறுமையும் இனிய குரலும் அவசியம். இவை அனைத்தும் அக்காவுக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் ஒரு வரி இருந்தது: வயது 35 க்குக் கீழ், இன்னொன்றில் 28 க்குக் கீழ்.

அக்காவுடைய கதையைச் சொல்லவேண்டுமானால் அவருடைய தொழிலின் கதையையும் சொல்லவேண்டும். அது ஏறக்குறைய 150 ஆண்டு காலக் கதை.

1876 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு வீட்டையும் இன்னொரு வீட்டையும் இணைப்பதற்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து கம்பியை மாற்றிச் செருக வேண்டியிருந்தது. தந்தி அலுவலகங்களில் ஓடித்திரிந்த பையன்களையே முதலில் அந்த வேலைக்கு அமர்த்தினார்கள். அவர்கள் அழைப்பவர்களோடு சண்டை பிடித்தார்கள், வசை பாடினார்கள். அதனால் 1878 செப்ரெம்பரில் பொஸ்ரன் நகரில் எம்மா நட் என்ற பெண்மணி நியமிக்கப்பட்டார். உலகின் முதலாவது பெண் தொலைபேசி இயக்குநர் அவரே. ஒரு தலைமுறைக்குள் இத்தொழில் முற்றுமுழுதாகப் பெண்களுடையதாயிற்று. பொறுமையும் இனிய குரலும் வேண்டும் என்று இன்றைய விளம்பரத்தில் வரும் நிபந்தனை அன்று பிறந்ததுதான்.

அந்தத் தொழிலை ஒழிப்பதற்கான கருவியும் வெகுவிரைவில் வந்துவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் இறுதிச்சடங்கு ஒழுங்குகளைச் செய்துவந்த அல்மன் ஸ்ட்ரௌஜர், தன்னியக்கத் தொலைபேசி மாற்றிக்கு 1891 இல் காப்புரிமை பெற்றார். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை இயக்குநர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்திலேயே அவர் இதனைக் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுவதுண்டு. 1920 களில் அமெரிக்க நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தன்னியக்க முறைக்கு மாறத் தொடங்கின.

அந்தப் பெண்களுக்கு என்ன நேர்ந்தது? ஜேம்ஸ் ஃபைகன்பௌம், டானியல் குரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய குடிசனக் கணக்கெடுப்புப் பதிவுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறை இளம் பெண்களுக்குப் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. அவர்கள் தட்டெழுத்து, செயலாளர் வேலை, உணவகங்கள் என்று வேறு வழிகளில் சென்றுவிட்டார்கள். அடிபட்டவர்கள் ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தவர்கள்தான். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களிற் பலர் குறைந்த ஊதிய வேலைகளில் இருந்தார்கள், அல்லது வேலையே இன்றி இருந்தார்கள். ஒரு தொழில் மறையும்போது அதனால் வரும் நட்டத்தைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்வதில்லை, அந்தத் தொழிலில் வயதானவர்களே சுமக்கிறார்கள் என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது.

இனி இலங்கைக்கு வருவோம். கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தித் தொடர்பு 1858 இல் ஏற்பட்டது. தபாலும் தந்தியும் தொலைபேசியும் நெடுங்காலம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1980 ஆம் ஆண்டில் தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாயிற்று. 1991 இல் அது கூட்டுத்தாபனம், 1996 இல் பொதுக் கம்பனி. 1997 இல் அதன் 35 சதவீதப் பங்குகளை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது.

இவை வெறும் பெயர் மாற்றங்கள் அல்ல. திணைக்களத்தில் சேர்ந்தவர் அரச ஊழியர். இளைப்பாறிய பின் மாதந்தோறும் ஓய்வூதியம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தவர். அதன்பின் சேர்ந்தவர்களுக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதிதான். ஊழியர் 8 சதவீதம், தொழில் வழங்குநர் 12 சதவீதம் என்று சேர்ந்த பணம் ஒரே தடவையில் கைக்கு வரும். அதனைச் சாகும்வரை நீட்டிப் பிடிப்பது அவரவர் சாமர்த்தியம். அக்கா 1992 இல் சேர்ந்தவர்.

நானும் அதே ஆண்டில்தான், பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்ற கையோடு, பத்திரிகை அலுவலகத்துக்குள் காலடி வைத்தேன். எங்கள் பிரதேச நிருபர்கள் தொலைபேசியில் செய்தியை வரிவரியாகச் சொல்ல, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு எழுதுவோம். இணைப்பு அறுந்தால் செய்தியும் அறுந்தது. ட்ரங் கோல் கிடைக்காத இரவுகளில் இயக்குநர்களை நாங்கள் திட்டியிருக்கிறோம். மறுமுனையில் இருந்தவர்களுக்கும் ஒரு மனம் உண்டு என்று நினைத்ததில்லை. அவர்களில் ஒருவர் இந்த அக்காவாகவும் இருந்திருக்கலாம்.

1990 இல் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிய பின்னர் குடாநாட்டுடனான தொலைபேசித் தொடர்பு இல்லாமற் போயிற்று. மின்சாரமும் இல்லை. அந்தக் காலத்தில் கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் லண்டனில் இருந்தும் அழைத்தவர்களிடம் அக்கா என்ன சொன்னார்?

"யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லை எண்டு சொல்லிறதுதான் என்ர வேலை, தம்பி. சிலர் ஏசுவினம். சிலர் ஒண்டும் பேசாமல் அழுவினம். ஒரு அம்மா, 'லைன் இல்லாட்டிப் பரவாயில்லை பிள்ளை, ஒருக்கா மணி அடிச்சுப் பாரன்' எண்டு கேட்டவ. என்ர அம்மாவும் அப்ப அங்கதான் இருந்தவ."

இதனை வாசிக்கும் உங்களிற் பலர் அந்தப் பதிலைக் கேட்டவர்களாக இருக்கக்கூடும்.

பின்னர் காலம் மாறியது. 1989 இலேயே செல்டெல் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியிருந்தது. 1995 இல் டயலொக் வந்தது. ஒரு வீட்டு இணைப்புக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த நாட்டில், வீதிக்கு வீதி 'கொமியூனிகேஷன்' கடைகள் முளைத்தன. பின்னர் எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் தொலைபேசி வந்ததும் அக்கடைகள் மறைந்தன. இணைப்புக் கொடுப்பதற்கு ஆள் தேவையில்லை என்றானதும் அக்கா முறைப்பாடு கேட்கும் மேசைக்கு மாறினார். பட்டியற் பணம், பழுதான வயர், வேலை செய்யாத ரூட்டர் என்று நாளொன்றுக்கு எத்தனையோ பேரின் கோபத்தை வாங்கிக்கொண்டார். இன்று அந்த மேசையின் இடத்தையும் பதிவுசெய்யப்பட்ட குரல் பிடித்துவருகிறது. தமிழுக்கு இந்த இலக்கத்தை அழுத்துங்கள் என்கிறது. அழுத்திவிட்டுக் காத்திருக்கிறோம்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அக்காவின் கணக்கைக் குழப்பியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டியது. சேர்ந்த தொகை ரூபாவில் குறையவில்லை. ஆனால் அதனால் வாங்கக்கூடிய அரிசியும் மருந்தும் குறைந்துவிட்டன. கணவர் காலமாகிவிட்டார். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். பணம் அனுப்புகிறார்தான். "அவனுக்கும் இரண்டு பிள்ளையள். நான் கேக்கமாட்டன்" என்கிறார்.

நமது சட்டத்தில் வயதுக்கு ஒரு காவல் வந்தது 2021 இல். தனியார் துறையினரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 நோக்கி உயர்த்திய 28 ஆம் இலக்கச் சட்டம் அது. வேலையில் இருப்பவரை முன்கூட்டியே அனுப்பக்கூடாது என்று அது சொல்கிறது. வாசலில் நிற்பவரை உள்ளே விடும்படி அது சொல்லவில்லை. எமது அரசியலமைப்பின் 12 (2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. வயது அந்த வரிசையில் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களை வேலைவாய்ப்பில் பாரபட்சத்திலிருந்து பாதுகாக்கும் சட்டம் 1967 இலேயே வந்துவிட்டது. அங்கும் பாரபட்சம் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் விளம்பரத்தில் வெளிப்படையாக அச்சிட அஞ்சுகிறார்கள். எங்கள் பத்திரிகைகளோ அதனைக் கட்டம் கட்டி அச்சிடுகின்றன. அந்த விளம்பரங்களின் வருமானத்தில் என் சம்பளமும் அடங்கியிருந்தது என்பதை நான் மறைக்கக்கூடாது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் எட்டுப் பேருக்கு ஒருவர் 60 வயதைக் கடந்திருந்தார். அந்த விகிதம் ஏறுமுகமாகவே இருக்கிறது. இளைஞர்கள் கட்டுநாயக்கா வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருப்பவர்களை வைத்துத்தான் இந்நாடு இயங்கவேண்டும்.

சுயவிபரக்கோவையை எழுதிக் கொடுத்தேன். பிறந்த திகதியை விட்டுவிடுவோமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. பொய் சொல்லி லைன் எடுக்கக்கூடாது" என்றார். எட்டு இடங்களுக்கு அனுப்பினார். ஆறு இடங்களில் இருந்து பதிலே இல்லை. ஓரிடத்தில் நேர்முகத்துக்கு அழைத்து, கணினி தெரியுமா என்று ஒரு பையன் கேட்டானாம். அவன் பாடசாலைக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பே அவர் கணினியில் முறைப்பாடு பதிந்தவர்.

எட்டாவது இடம் ஒரு சிறிய மருத்துவ நிலையம். அங்கே வரும் முதியவர்கள் பெரும்பாலும் தமிழில் மட்டும் பேசுபவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அழைத்து, அம்மா வந்தாவா, மருந்து எடுத்தாவா என்று கேட்பார்களாம். அந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். அரை நாள் வேலை, சொற்பச் சம்பளம். இம்மாதம் முதலாந் திகதி சேர்ந்துவிட்டார்.

நேற்று மாலை வீதியில் கண்டபோது வேலை எப்படி என்று விசாரித்தேன்.

"பழைய வேலைதான் தம்பி. ஆனால் இப்ப 'அம்மா இருக்கிறா, கதையுங்கோ' எண்டு சொல்லக்கூடியதா இருக்கு" என்றார்.