எந்திரப் பாவை

மனித வடிவில் செய்யப்பட்டு, தானாக அசைவதாகவோ ஒளிர்வதாகவோ அமைந்த உருவம் எந்திரப் பாவை எனப்படும். சங்க இலக்கியம் பேசும் கொல்லிப்பாவை, அரண்மனையில் அகல் ஏந்தி நின்ற பாவை விளக்கு, காப்பியங்களில் வரும் பொறிகள், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஆகியவற்றோடு, இன்று துண்டுகளாக வாங்கி வீட்டில் கூட்டி, வண்ணம் அடித்து, சிறு விளக்குப் பொருத்தும் பிளாஸ்டிக் ரோபோ மாதிரியும் இவ்வகையில் சேரும். தமிழ்ச் சான்றுகளில் மிகுதியானவை சங்க காலத்தவை. அவற்றிலும் பெரும்பகுதி ஒரே மலையைப் பற்றியவை.

கொல்லிப்பாவை

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் தனி வட்டம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் சோளக்காடு. பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு எல்லாம் வந்து இறங்கும் சந்தை ஊர் அது. பாவையைப் பாடிய புலவர்களும் மலையின் விளைச்சலைக் கவனித்தவர்களே: அகநானூறு 209ஆம் பாடலில் கல்லாடனார் கொல்லிப் பலாவின் பயனைச் சொல்லிவிட்டுத்தான் பாவைக்கு வருகிறார்.

பாவையைக் குறிப்பிடும் சங்கப் பாடல்களில் ஏழு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன: குறுந்தொகை 89, 100; நற்றிணை 185, 192, 201; அகநானூறு 62, 209. இவற்றுள் மூன்று பரணர் பாடியவை (குறுந்தொகை 89, நற்றிணை 201, அகநானூறு 62). குறுந்தொகை 100 கபிலருடையது. எல்லாம் அகப்பாடல்கள். எதிலும் பாவை கதைப்பொருள் அல்ல. தலைவியின் அழகுக்கோ மடப்பத்துக்கோ உவமையாக வந்து போகிறது. ஆகவே பாவை எங்கே நின்றது, எவ்வளவு உயரம், எதனால் ஆனது என்ற விவரங்களை இவற்றில் தேடுவதற்கில்லை. கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றாகவே புலவர்கள் அதைச் சொல்லிச் செல்கிறார்கள்.

உவமை வரும் இடங்கள் தனியே பார்க்கத்தக்கவை. குறுந்தொகை 89இல் உரலில் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடும் பெண்ணுக்குப் பாவை உவமையாகிறது. தெய்வம் எழுதிய உருவம் உலக்கைப் பாட்டுக்கு நடுவே வந்து நிற்கிறது. நற்றிணை 201இல் பரணர் பாவையின் உறுதியைச் சொல்கிறார்: காற்று மோதினாலும், மழை விரைந்து பெய்தாலும், இடி சினந்து விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் அதன் அழகு குலையாது. நற்றிணை 192 ஒளியோடு சேர்த்துப் பேசுகிறது. அங்கே பாவை விரிகதிர் இளவெயிலில் தோன்றுகிறது. நற்றிணை 185இல் தலைவன் குறைபடும்போது, பாவை போன்றவள் தன்னைக் கொல்லத் துணிந்துவிட்டாள் என்கிறான். அதே பாடலில் கொல்லியின் மலைவழியும் வருகிறது. பாணர் பரிசாகப் பெற்ற குதிரைகளின் குளம்பு பட்டுத் தேய்ந்த சிறு பாதை அது. இரவலர் தளராமல் ஏறலாம் என்கிறார் புலவர். மலைச்சாலையின் வளைவுகளில் தலைசுற்றி இறங்கும் இக்காலப் பயணி இதை எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்.

மலை யாருடையது என்பதிலும் பாடல்கள் ஒன்றுபடவில்லை. கபிலர் வல்வில் ஓரியின் கொல்லி என்கிறார். பரணரோ சேர அரசன் பொறையனின் கொல்லி என்கிறார். முரண் போலத் தோன்றினாலும், மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தியை அகநானூறு 209 தருவதால், இரண்டும் வெவ்வேறு காலத்து நிலையைக் குறிப்பதாகக் கொள்வர். பாடல்கள் கொல்லியைக் குடவரையோடு, அதாவது மேற்கு மலையோடு, சேர்த்துச் சொல்வதால் இது சேரநாட்டு மேற்குத் தொடரில் இருந்த வேறொரு மலையாகலாம் என்ற கருத்தும் உண்டு. நாமக்கல் கொல்லியே என்பது பெரும்பான்மை வழக்கு.

பாவை ஓவியமா, சிலையா, இயல்பாக அமைந்த பாறை வடிவா என்பதும் முடிவாகாத ஒன்று. பாடல்கள் சில இடத்தில் கடவுள் எழுதியதாகவும், ஓரிடத்தில் ஆக்கியதாகவும், வேறோரிடத்தில் பூதம் புணர்த்ததாகவும் சொல்கின்றன. எழுதியது என்றால் வண்ண ஓவியம், புணர்த்தது என்றால் துண்டுகளைப் பொருத்திச் செய்த உருவம் என்று பிரிப்பாரும் உளர். எல்லாம் ஒன்றே என்பாரும் உளர்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏழு பாடல்களிலும் பாவை அசைவதில்லை, சிரிப்பதில்லை. நற்றிணை 185இல் வரும் கொலையும் தலைவியின் செயல். பாவையின் செயல் அன்று. முனிவர்களைக் காக்கத் தெய்வத் தச்சன் செய்து வைத்த எந்திரம் என்றும், அவுணர் வாடை பட்டதும் தானே நகைத்து மயக்கிக் கொல்லும் என்றும் இன்று சொல்லப்படுவதெல்லாம் பின்னாளில் உரை விளக்கங்களும் செவிவழிக் கதைகளும் சேர்த்தவை. அழகும் அழியாமையும் முதலில் வந்தன. அசைவும் எந்திரமும் பிறகு பொருத்தப்பட்டன என்று கொள்வதே சான்றுகளுக்கு இசைவானது.

மலையில் உள்ள எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்பது உள்ளூர் நம்பிக்கை.

பாவை விளக்கு

அசையும் பாவைக்குச் சங்க நூல்களில் சான்று மெலிந்திருக்க, ஒளி ஏந்திய பாவைக்கு அது தெளிவாகவே உள்ளது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்கிறது. அகல் நிறைய நெய் வார்த்துப் பருத்த திரியைக் கொளுத்துகிறார்கள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பிரிந்த கணவனை எண்ணிக் கிடக்கும் அரசியின் அறையில் பாவை விளக்கு எரிகிறது. முந்தையது கடல் கடந்து வந்த பொருளா, இங்கு வந்து தங்கிய யவனத் தச்சர் செய்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாவை விளக்கு பின்னர்க் கோயில்களுக்குள் சென்று இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

காப்பியப் பொறிகள்

சிலப்பதிகாரம் மதுரை மதிலின் பொறிகளை அடுக்குகிறது. தானே வளைந்து எய்யும் வில்லும், கருவிரல் கொண்ட குரங்கு வடிவப் பொறியும் அவற்றுள் உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் அரசி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி ஒரு பக்கம் திருகினால் எழும்பும், மறுபக்கம் திருகினால் இறங்கும். கொங்குவேளிரின் பெருங்கதையில் கதைத்தலைவன் உதயணனைச் சிறைபிடிக்க உள்ளே வீரரை மறைத்த எந்திர யானை செய்யப்படுகிறது. உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த அந்நூலில் உஞ்சைக் காண்டத்தின் தொடக்கப் பகுதி இல்லை. யானையின் செய்தியைப் பின்வரும் குறிப்புகளிலிருந்தே அறிகிறோம்.

வடமொழியில் தாரா நகரத்து போசன் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய சமராங்கண சூத்திரதாரம் எந்திரங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குகிறது. ஆடும் பாவைகளும், விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் பாவையும் அதில் உண்டு. செய்முறையை முழுக்கச் சொல்லாதது அறியாமையால் அன்று, மறைபொருளாக இருக்கவே என்று நூல் தானே கூறிக்கொள்கிறது. பொறியாளர் இதைக் கேட்டுப் புன்னகைப்பதுண்டு. இப்பொருள் பற்றிய இந்தியச் சான்றுகளைத் திரட்டி ஆராய்ந்தவர் திருவாரூரில் பிறந்த வே. ராகவன், அவரது நூல் 1950களில் வெளிவந்தது.

இடைக்காலம்

நாயக்கர், மராட்டியர் காலங்களில் பொம்மலாட்டமும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இம்மரபைத் தொடர்ந்தன.

ரோபோ

ரோபோ என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவியது. தமிழில் அதை வீட்டுப் பேச்சாக்கியதில் சுஜாதாவின் பங்கு பெரிது. ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ மனித உருவம் அன்று, நாய், ஆயினும் வாசகர் நினைவில் நிற்கும் தமிழ் ரோபோ அதுவே. 2010இல் ஷங்கர் இயக்கத்தில் வெளியான ‘எந்திரன்’ படத்தின் சிட்டி அடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தைப் பெற்றது.

பிளாஸ்டிக் மாதிரிகள்

கூட்டிச் செய்யும் ரோபோ மாதிரிகளின் தாயகம் ஜப்பான். பண்டாய் நிறுவனம் 1969இல், நொடித்துப்போன இமாய் நிறுவனத்தின் ஷிசுவோகா தொழிற்சாலையை வாங்கி இத்துறையில் காலூன்றியது. 1979 ஏப்ரலில் தொடங்கிய ‘மொபைல் சூட் கண்டம்’ தொலைக்காட்சித் தொடர் பார்வையாளர் குறைவால் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அத்தொடரின் ரோபோவை 144இல் ஒரு பங்கு அளவில், 300 யென் விலையில் பண்டாய் விற்பனைக்கு விட்டது. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள உருவம் மேசைமேல் சுமார் 12.5 சென்டிமீட்டராக நின்றது. மறு ஒளிபரப்பில் தொடருக்கு வரவேற்பு பெருக, மாதிரிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1982 ஜனவரியில் சிபா மாகாணக் கடை ஒன்றில் வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் விழுந்து காயமடைந்தனர்.

தொடக்க மாதிரிகள் பெரும்பாலும் ஒரே நிறத்தில் வார்க்கப்பட்டவை. பசை ஒட்டி, வண்ணம் அடித்தால்தான் படத்தில் கண்ட உருவம் கிடைக்கும். நிறம் பிரித்து வார்த்து, பசையின்றி அழுத்திப் பொருத்தும் முறை பின்னர் வந்தது. 1990இல் ஹை கிரேட், 1995இல் மாஸ்டர் கிரேட், 2010இல் ரியல் கிரேட் வரிசைகள் வெளிவந்தன. வண்ணம் அடிப்பது கட்டாயமாக இருந்து விருப்பமாக மாறியது இக்காலத்தில்தான். இதனால் கலை கெட்டது என்பார் ஒரு சாரார், கடை பெருகியது என்பார் இன்னொரு சாரார்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். சட்டத்தில் ஒட்டியிருக்கும் துண்டுகளை நிப்பரால் இரண்டு வெட்டாக எடுக்க வேண்டும்: முதல் வெட்டு துண்டிலிருந்து தள்ளி, இரண்டாவது அதன் விளிம்பை ஒட்டி. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துத் தழும்பு விழும். மீந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே வண்ணம் ஏற்றுவார்கள். தகடுகளின் பள்ளங்களில் நீர்த்த கருவண்ணம் ஓடவிட்டுத் துடைத்தால் கோடுகள் எடுப்பாக நிற்கும்.

விளக்குப் பொருத்துவது பெரும்பாலும் செய்பவரின் சேர்க்கை. கண், மார்பு, முதுகுப்புறக் குழல் ஆகிய இடங்களில் சிறு எல்.இ.டி. வைக்கப்படும், மிகச் சிறியவற்றுள் ஒன்று 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உடையது. மயிரிழை போன்ற பூச்சுக் கம்பியைக் கழுத்து, இடுப்பு மூட்டுகளின் வழியே துளையிட்டுக் காலடிப் பீடம் வரை இறக்குவார்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரியில் 10 மில்லி ஆம்பியர் ஓட விட, மீதி 6 வோல்ட்டைத் தாங்க 600 ஓம் தடை தேவை. கடையில் கிடைக்கும் 680 ஓம் ரெசிஸ்டரே போடப்படும். வெள்ளைப் பிளாஸ்டிக்கின் ஊடே ஒளி கசிவதுதான் பெருந்தொல்லை. அதற்கு உட்புறம் முதலில் கருப்பும் அதன்மேல் வெள்ளியும் அடிக்க வேண்டும்: கருப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளி அதைத் திருப்பி அனுப்பும். இந்த ஒரு படியை விட்டவரின் ரோபோவுக்குக் கண்ணோடு தலையும் சேர்ந்து எரியும். தமிழ்நாட்டில் இதற்கான மின்பொருள்கள் சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும்.

அண்மைக் காலம்

பண்டாய் 2020இல் வெளியிட்ட பெர்ஃபெக்ட் கிரேட் அன்லீஷ்ட் மாதிரியில் எல்.இ.டி. தொகுதி பெட்டியோடு வந்தது. யோகோஹாமாவில் 18 மீட்டர் உயர அசையும் கண்டம் உருவம் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை காட்சிக்கு இருந்தது. நவராத்திரிக் கொலுப்படிகளிலும் எல்.இ.டி. விளக்குகள் இடம்பெறத் தொடங்கியுள்ளன.

சிறு மாதிரிகளின் பீடத்தில் வைக்கும் பட்டன் செல்லைக் குழந்தைகள் விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். அதனால் செல் வைக்கும் அறையின் மூடியைத் திருகாணியிட்டே அடைக்க வேண்டும்.