காற்றா, வயதா? அப்பாவின் சைக்கிள் கணக்கு

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஏரிக்கரையோரம் மார்ட்டின் குட்மன் பாதையில் சைக்கிள் ஓடினோம். அஷ்பிரிட்ஜஸ் பேயிலிருந்து மேற்கே ஹம்பர் பே வரை போவதாகத் திட்டம். நல்ல எதிர்க்காற்று. பாதி வழியில் நான் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. நின்று காத்திருந்தேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்தவர் சொன்னார்: "வயசு போட்டுது பிள்ளை. இனி நீ தனிய ஓடு. நான் இந்தச் சைக்கிளை ஆருக்கும் குடுக்கப் போறன்."

அப்பாவுக்கு 58 வயது. ஊர் வேலணை. படிக்கிற காலத்தில் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய் வந்தவர். இரண்டு பக்கமும் கடல். மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. சோழகக் காற்றுக் காலத்தில் காலையில் பறந்து போகலாம், பின்னேரம் வீடு வர உயிர் போய்விடும் என்று எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் களைத்தபோது அவர் காற்றைத்தான் திட்டினார். இப்போது மட்டும் ஏன் வயதைத் திட்டுகிறார்?

அன்று இரவு இந்தக் கேள்வியோடு வாசிக்கத் தொடங்கினேன். சைக்கிளின் வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது.

முதல் கதை 1899இல் நடக்கிறது. சார்ள்ஸ் மேர்பி என்ற அமெரிக்கர், ஒரு ரயில் போகும் வேகத்தில் தன்னால் சைக்கிள் ஓட முடியும் என்றார். பலரும் சிரித்தார்கள். ஜூன் 30ஆம் தேதி நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை விரித்தார்கள். ரயில் பெட்டியின் பின்பக்கம் காற்றைத் தடுக்க ஒரு மறைப்புக் கட்டினார்கள். அந்த மறைப்புக்குள் ஓடிய மேர்பி ஒரு மைலை 57.8 வினாடியில் கடந்தார். மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர்! சைக்கிள்காரருக்குப் பெரிய எதிரி காற்று என்பதை உலகம் கண்ணால் கண்ட நாள் அது.

இரண்டாவது கதை பிரான்சில். 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சாய்ந்து படுத்தபடி ஓடும் ஒரு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். அதற்கு முன் 1914இலிருந்து நின்ற சாதனை 44.247 கிலோமீட்டர். ஃபோர் அந்தக் காலத்து முதல் வரிசை வீரர் அல்ல. அவர் உடம்பு படுத்திருந்ததால் காற்றில் மோதும் பரப்புக் குறைந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடமே, 1934இல், உலகச் சைக்கிள் சங்கம் அந்த வகைச் சைக்கிளைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. காற்றை ஏமாற்றுவது அவ்வளவு பெரிய லாபம்.

ஏன் அவ்வளவு பெரிய லாபம்? நீங்கள் வேகமாகப் போகப் போக, ஒரு வினாடியில் தள்ள வேண்டிய காற்றும் கூடுகிறது; அதை இன்னும் வேகமாகத் தள்ளவும் வேண்டியிருக்கிறது. அதனால் வேகம் 2 மடங்கானால் காற்றின் தடை 4 மடங்கு. அந்தத் தடையை எதிர்த்து ஒரு வினாடியில் 2 மடங்கு தூரம் போவதால், காற்றுக்காக உங்கள் கால் கொடுக்க வேண்டிய வலு 8 மடங்கு.

மூன்றாவது கதை எங்கள் ஊர்க்கதை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியியலாளர்கள் ரொட் ரைகேட், கமரன் ரொபேட்சன் இருவரும் ஏரோவெலோ என்ற குழுவை நடத்தினார்கள். 2013 ஜூனில், மனிதன் மிதித்தே பறக்கும் ஹெலிகொப்டர் ஒன்றை வோனில் இருக்கும் ஓர் உள்ளரங்க உதைபந்தாட்ட மைதானத்தில் 64 வினாடி பறக்கவிட்டு, 33 வருடமாக யாரும் வெல்லாத சிக்கோர்ஸ்கி பரிசை வென்றார்கள். பிறகு ஈற்றா என்ற சைக்கிளைக் கட்டினார்கள். ஆளை முழுதாக மூடும் முட்டை வடிவக் கூடு. கண்ணாடி யன்னல்கூட இல்லை, வெளியே கமரா, உள்ளே திரை. 2016 செப்டம்பரில் நெவாடாவின் பற்றில் மவுண்டனில் ரைகேட் அதை மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார். இயந்திரம் இல்லை, முன்னால் ரயிலும் இல்லை. அந்தப் போட்டியில் காற்று மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் சாதனை செல்லாது. அவ்வளவு சின்னக் காற்றைக்கூட அங்கே கணக்கில் எடுக்கிறார்கள்.

சரி, காற்றின் பக்கம் விளங்கிவிட்டது. வயது?

இதற்கு றொபேர் மர்ஷோன் என்ற பிரெஞ்சுக்காரரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1911இல் பிறந்தவர். தீயணைப்பு வேலை செய்தவர். வெனிசுவேலாவில் லொறி ஓடினார். கனடாவில் மரமும் வெட்டினார். எங்கள் பெற்றோரைப் போலவே, எந்த நாட்டில் எந்த வேலை கிடைத்ததோ அதைச் செய்தவர். 60 வயதைக் கடந்த பிறகுதான் திரும்பவும் சைக்கிளில் ஏறினார். 2012இல், 100 வயதில், காற்றுப்படாத உள்ளரங்க ஓடுபாதையில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓடினார். 2014இல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர். வயது ஏறியது, தூரமும் ஏறியது!

வெரோனிக் பில்லா என்ற ஆய்வாளரின் குழு அவரை 101 வயதிலிருந்து 103 வயது வரை அளந்து பார்த்தது. வருடத்துக்கு சுமார் 5,000 கிலோமீட்டர் பயிற்சி. அதில் 80 வீதம் மெதுவாக, 20 வீதம் கடினமாக. அவர் கொடுக்கக்கூடிய உச்ச வலு 90 வாட்டிலிருந்து 125 வாட்டுக்கு ஏறியது. அது 39 வீத ஏற்றம். அப்படியென்றால் தூரம் ஏன் 11 வீதம் மட்டும் கூடியது? மேலே சொன்ன காற்றுக் கணக்குத்தான். 1.39இன் கனமூலம் எடுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 1.12. கிட்டத்தட்டச் சரியாக வருகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் வயதானவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வலு குறையும் அளவுக்கு வேகம் குறையாது. முப்பது வயதுக்குப் பிறகு பயிற்சி இல்லாதவர்களின் ஒட்சிசன் எடுக்கும் திறன் பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 10 வீதம் குறைகிறது. இதயத்தின் உச்சத் துடிப்பு இறங்குகிறது, தசையும் மெலிகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தக் குறைவு ஏறத்தாழப் பாதி. ஆனால் வலு 30 வீதம் போனாலும், காற்றில்லாத சமதரையில் வேகம் 11 வீதம் அளவுக்குத்தான் போகும்.

இப்போது ஹம்பர் பே கணக்குக்கு வருவோம். நான் 150 வாட், அப்பா 100 வாட் கொடுத்ததாக வைத்துக்கொண்டேன். இருவருக்கும் ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. நிமிர்ந்து இருந்து ஓடும் சைக்கிள். காற்றில்லாத நாளில் எனக்கு மணிக்கு 28 கிலோமீட்டர் வரும், அப்பாவுக்கு 24. அதே உழைப்பில் 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் எனக்கு 17.5, அப்பாவுக்கு 14.

பாருங்கள். காற்று எங்கள் இருவரிடமும் தலைக்குப் பத்துக் கிலோமீட்டர் பறித்தது. வயது அப்பாவிடம் பறித்தது நாலு. வயதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. எதிர்க்காற்றில் பலம் குறைந்தவர் விகிதத்தில் கொஞ்சம் கூடத்தான் இழக்கிறார். ஆனால் பெரிய கள்ளன் காற்று.

இன்னொன்று. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று முழுதாகத் தராது. 12 கிலோமீட்டரை எதிர்க்காற்றில் மணிக்கு 12 வேகத்தில் போனால் 60 நிமிடம். பின்காற்றில் 28 வேகத்தில் வந்தால் 26 நிமிடம். சராசரி 20 இல்லை, 17கூட வராது. கஷ்டப்படும் பக்கத்தில்தான் அதிக நேரம் செலவாகிறது. பண்ணைப் பாலத்தில் அப்பாவுக்குக் காலைச் சுகத்தை விடப் பின்னேரத்துக் கஷ்டம் இவ்வளவு ஞாபகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "அப்ப சோழகம் இஞ்சையும் வந்திட்டுது எண்டு சொல்லுறாய்" என்றார். சைக்கிளைக் கொடுக்கும் கதை அதோடு நின்றது.

உண்மையில் அன்று பிழை விட்டது நான். மேர்பிக்கு ரயில் செய்ததை நான் அப்பாவுக்குச் செய்திருக்கலாம். முன்னால் ஒருவர் ஓட, நெருங்கிப் பின்னால் போகிறவருக்குக் காற்றுத் தடையில் கால் பங்காவது குறையும். நான் என் வேகத்தைப் பார்த்தேனே தவிர, என் முதுகு அவருக்கு மறைப்பாகும் என்று யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் மேற்குக் காற்றுத்தான். நான் முன்னுக்கு, அப்பா பின்னுக்கு. வேகத்தைக் குறைத்து, பிறேக் பிடிக்கப் போகிறேன் என்றால் முன்கூட்டியே கத்திச் சொல்லி, ஹம்பர் பே வரை ஒரே தூரத்தில் போனோம். திரும்பி வரும்போது பின்காற்று. அப்பா என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள்காரர் இருப்பார். ஊரில் எந்த வீதியில் எந்தக் காற்றில் ஓடினார் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு ஒருநாள் அவருக்கு முன்னால் ஓடுங்கள்.