மாட்டுத் தீவனமும் மின்சாரக் காரும்

சென்ற வைகாசியில் திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். பெங்களூரிலிருந்து நானும் என் தமக்கையும் அவள் மகனுடைய மின்சாரக் காரில் போயிருந்தோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர்தான். சரிவில் இறங்கும்போது இந்த வகைக் கார், சக்கரத்தின் வேகத்தையே மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. "பார்த்தீர்களா மாமா, இறங்க இறங்க வரவு!" என்று மருமான் பெருமை அடித்துக்கொண்டான்.

திரும்பும்போதுதான் செலவுக் கணக்கு வந்தது. இரவு ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியை நெருங்கியபோது பாட்டரியில் நூற்றுக்குப் பதினாறு பங்கே மிச்சம். எதிரே ஐம்பது கிலோமீட்டர் ஏற்றம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் சார்ஜர் உண்டு என்று கைப்பேசி சொல்லிற்று. உண்டுதான், ஆனால் அதன் திரை இருண்டு கிடந்தது. "மூணு நாளா ரிப்பேர் சார்" என்றான் பங்குப் பையன். இன்னொன்று ஒரு ஓட்டல் வாசலில் இருந்தது. அங்கே எங்களுக்கு முன்பே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் காத்திருக்கச் சொன்னார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தமக்கைக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டுதான் இரவுச் சாப்பாடு. ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நம்பி, மருந்தைக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். அவளோ பதறவில்லை. ஓட்டல் திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "நம்ம தாத்தா வண்டி கட்டினால், உள்ளே வைக்கோலைப் பரப்பிக்கொண்டுதானே புறப்படுவார்? மாட்டுக்கும் ஆச்சு, நமக்கு மெத்தைக்கும் ஆச்சு. இதுக்கு எதைடா பரப்பறது?"

நேயர்களே, காத்திருந்த நாற்பது நிமிஷமும் நான் அந்தக் கேள்வியைத்தான் அசை போட்டேன். இதே மலைப் பாதையில் இதே கேள்வியை ஒரு கவர்னர் ஜெனரலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

1791-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிக் கிளம்பினார். பீரங்கிகளுக்குக் குறைவில்லை, சிப்பாய்களுக்கும் குறைவில்லை. அரிகெரே என்ற இடத்தில் நடந்த சண்டையில் வெற்றியும் அவருக்கே. ஆனால் வழியிலிருந்த புல்லையும் தானியத்தையும் திப்பு சுல்தானின் ஆட்கள் முன்னதாகவே அழித்துவிட்டிருந்தார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. பீரங்கி இழுத்த காளைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. தலைநகருக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்டும், கோட்டையை இடிக்கக் கொண்டுவந்த பெரும் பீரங்கிகளைத் தாமே நாசமாக்கிவிட்டு, அந்தப் பிரபு வந்த வழியே திரும்ப நேர்ந்தது.

பட்ட பிறகு புத்தி வந்தது. ஜூலை மாதம் அவருடைய படை ஓசூரைப் பிடித்தது, அடுத்தாற்போல் ராயக்கோட்டையை. பாராமகாலிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாய்கள் கைக்கு வந்தன. ஆற்காட்டுச் சீமையிலிருந்து உணவுப் பொருள்கள் மேலே ஏறின. லம்பாடிகள் மாட்டு மந்தைகளின் முதுகில் தானியப் பொதி ஏற்றி வந்தார்கள். 1792 பிப்ரவரியில் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தை மறுபடி முற்றுகையிட்டபோது திப்பு சமாதானத்துக்கு வர நேர்ந்தது. மார்ச்சு மாத உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று.

வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை வண்டி மட்டும் தீர்மானிப்பதில்லை; வழியில் கிடைக்கும் தீவனமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. நம்முடைய பெரியவர்கள் காத தூரத்துக்கு ஒரு சாவடியும் குளமும் வைத்ததன் சூட்சுமம் இதுதான்.

இந்தப் பாடத்தை அதே பாதை இன்னொரு முறையும் படிக்க வேண்டியிருந்தது. 2001-ஆம் வருஷம், பெங்களூரிலிருந்து ஓசூர் வரும் சாலையிலுள்ள பொம்மசந்திராவில் பிறந்தது ரேவா என்ற சின்ன மின்சாரக் கார். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 80 கிலோமீட்டர் போகும். ஏற்றி முடிக்க எட்டு மணி நேரம் ஆகும். இரவெல்லாம் வீட்டில் கட்டிப்போட்டுத் தீவனம் வைக்க வேண்டிய மாடு. ஊருக்குள் ஓடிற்று. ஓசூருக்கு வந்து போகலாம். சென்னை 350 கிலோமீட்டர். அங்கே போக நினைத்தவன் வழியில் நாலு ராத்திரி தங்க வேண்டும்!

வீட்டில் ஏன் அவ்வளவு நேரம்? கம்பியில் வருவது மாறுதிசை மின்சாரம். பாட்டரி ஏற்றுக்கொள்வது நேர்திசை மின்சாரம். மாற்றித் தரும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சின்னக் கருவி, மெல்லத்தான் மாற்றும். அந்த வேலையைப் பாதையோரத்தில் ஒரு பெரிய பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் அதுவே விரைவு சார்ஜர். 2020-இல் வந்த டாடா நெக்ஸான் மின்காரின் பாட்டரி சுமார் 30 யூனிட் கொள்ளும். வீட்டில் எட்டு ஒன்பது மணி நேரம் பிடிப்பது, இந்தப் பெட்டியில் ஒரு மணிக்குள் நூற்றுக்கு எண்பது பங்கு நிரம்பிவிடும். குடத்தின் கழுத்துக்கு வந்ததும் சிந்தாமல் மெல்ல ஊற்றுகிறோமல்லவா? அதுபோல் எண்பதுக்கு மேல் அதுவும் மெல்லத்தான் ஊற்றும்.

பெட்டி இருந்தால் போதுமா? வைக்கச் சட்டம் இடம் தர வேண்டும். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவன் மின்சாரம் விற்கக் கூடாது. ஓட்டல்காரர் காருக்குச் சார்ஜ் போட்டால் அது விற்பனையா? 2018 ஏப்ரலில் மத்திய மின்சார அமைச்சகம், "விற்பனை அல்ல, சேவை, லைசென்ஸ் வேண்டாம்" என்று விளக்கம் தந்தது. இட்லி விற்பவருக்கு அரிசி மண்டி லைசென்ஸ் எதற்கு என்கிற மாதிரி எளிய நியாயம். ஆனால் பாதைக்குக் கதவு திறந்தது அந்த நியாயத்தால்தான். அவ்வருஷம் டிசம்பரில், நெடுஞ்சாலைகளின் இரு புறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளும் வந்தன. மறுபடியும் சாவடிக் கணக்கு!

பிளக் விஷயத்தில் ஒரு சண்டை நடந்தது. ஜப்பானியர் 2010-இல் ஒரு சங்கம் அமைத்து, தங்கள் முறைக்குச் 'சாடெமோ' என்று பெயர் வைத்தார்கள். சார்ஜ் ஏறுவதற்குள் ஒரு தேநீர் சாப்பிடலாமே என்ற பொருள் தொனிக்கும் ஜப்பானியச் சிலேடை. ஐரோப்பாவின் முறை சி.சி.எஸ்.-2. நம் நாட்டிலும் 2017-இல் 15 கிலோவாட் அளவில் பாரத் என்ற பெயரோடு ஒரு முறை வகுத்தார்கள். ஆனால் காற்சந்தை சி.சி.எஸ்.-2 பக்கமே சாய்ந்தது. ஓசூரில் 2021 முதல் தொழிற்சாலை நடத்தும் ஏதர் கம்பெனி தன் ஸ்கூட்டருக்கென்று வகுத்த பிளக்கை 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டது. 1980-லேயே டி.வி.எஸ். மொப்பெட் செய்த ஊருக்கு அது ஒரு பெருமை.

2022 மார்ச்சில் இந்தியா முழுவதிலும் பொதுச் சார்ஜ் நிலையங்கள் 1,742. 2024 பிப்ரவரியில் 12,146. இரண்டே வருஷத்தில் ஏழு மடங்கு. 2024 முடிவில் கர்நாடகத்தில் மட்டும் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஓசூரில் ஏதர், டி.வி.எஸ்.; போச்சம்பள்ளியில் ஓலா. வண்டி செய்வது எல்லைக்கு இந்தப் பக்கம்; தீவனம் மிகுதி அந்தப் பக்கம்.

இவ்வளவும் எண்ணி முடிப்பதற்குள் எங்கள் முறை வந்தது. எண்பது பங்கு ஏறியதும் கிளம்பினோம். சூளகிரி ஏற்றத்தில் மருமான் வாய் திறக்கவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். வீடு சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். தமக்கை ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அந்த 12,146-இல் இருண்ட திரையும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்குமோ என்பதுதான் என் சந்தேகம். தண்ணீர்ப் பந்தல் என்று பலகை தொங்கி, பானை காலியாக இருந்தால், பந்தலே இல்லாததைவிட அது மோசம். இல்லை என்று தெரிந்தால் வழிப்போக்கன் செம்பில் தண்ணீர் கொண்டு வந்திருப்பான்.

"அடுத்த தடவை மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்றாள் தமக்கை, கை கழுவிக்கொண்டே. பஸ்ஸில் போகலாம் என்று அவள் சொல்லவில்லை. மருமானுக்கு அதில் பரம சந்தோஷம்.