குளவி கொட்டினால் நரம்பில் என்ன நடக்கிறது?

"கரண்டு அடிச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. ஆனா அரைப் பேர் ஆயிருமேன்னு திரும்ப மலைக்குப் போயிட்டேன்." டயகமவில் நான் சந்தித்த, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் குளவி கொட்டிய கையைக் காட்டிச் சொன்னது இது. கரண்டு என்று அவர் சொன்னது சரிதான்.

நரம்புக் கலத்துக்கு வெளியே சோடியம் அயன்கள் அதிகம். உள்ளே பொற்றாசியம் அதிகம். பொற்றாசியம் வெளியே கசிவதால், ஓய்வில் உட்புறம் ஏறக்குறைய 70 மில்லிவோல்ற் மறையாக இருக்கிறது. தூண்டல் வந்ததும் மென்சவ்வின் சோடியக் கதவுகள் திறக்கின்றன. சோடியம் பாய்ந்து உட்புறம் நேராகிறது. பின் பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இந்த மாற்றம் பக்கத்துக் கதவுகளைத் திறந்தபடியே மூளை நோக்கி ஓடுகிறது. கணவாயின் தடித்த நரம்பில் இதை அளந்து 1952இல் விளக்கிய ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

மலையகத்தில் 'குளவி' என்பதில் பெரிய மலைத்தேனீயும் அடங்கும். தேனீ நஞ்சில் ஏறக்குறையப் பாதி மெலிற்றின். அது மென்சவ்வில் துளையிடுகிறது. அயன்கள் கட்டுப்பாடின்றிப் பாய, வலி நரம்பு ஓயாமல் சைகை அனுப்புகிறது. நூற்றுக்கணக்கில் கொட்டினால் செங்குருதிக் கலங்களும் தசைகளும் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே உயிராபத்து.

வலி தணிவது நஞ்சு போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. கொடுக்கு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பேரைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.